பள்ளம் இருந்த இடம்

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணத்துக்கு நாள் பார்த்ததும், பெண் மடுல்சீமைப் பக்கத்துப் பெண் என்பதும், உன் பிரஜாவுரிமை ஒருவழியாகக் கைக்கு வந்ததும் எல்லாம் சந்தோசம். தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில் பாதிச் சனத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். கப்பலேறி இந்தியா போனவர்களுக்கு, போகிறவர்களுக்கு, போக மாட்டேன் என்று அழுதவர்களுக்கு எல்லாம் எழுதினேன். உனக்கு மட்டும் நாலு வரிக்கு மேல் எழுதியதே இல்லை. இந்தத் தடவை நீளும். கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் படி. முதலாளி ஏசினால் அப்பன் எழுதியது அப்படி என்று என் மேல் பழியைப் போடு. அவர் நல்ல மனுசன், ஒரு தடவை மன்னிப்பார்.

கல்யாண விசயம் எழுதிவிட்டுக் கீழே ஒன்று கேட்டிருந்தாய். அரசாங்கக் காணிக் கந்தோரில் பெயர் கொடுத்தவர்களுக்கு நம் பழைய தோட்டத்துக் கீழ்க்கணக்கில் காணித் துண்டு பிரித்துத் தருகிறார்கள், நமக்கு லயத்துக்குக் கீழே உள்ள அந்தச் சமதரை விழுந்திருக்கிறது, கல்யாணம் முடிந்த கையோடு அங்கேயே வீடு கட்டி உருளைக்கிழங்கு போடலாம் என்று இருக்கிறாய், கிழங்குக்கு அந்த மண்ணில் எவ்வளவு ஆழத்துக்குக் கொத்துகிற முள்ளை இறக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். மேலே இரண்டு பிள்ளையார் சுழி வேறு. படித்துவிட்டு நான் வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். இங்கே மொனராகலையில் நான் காவல் பார்க்கிற கரும்புத் தோட்டத்தில் எதையும் ஆழமாகக் கொத்துவது கிடையாது. அதுதான் எனக்கு இந்த இடத்தில் பிடித்த விசயம். நீ கேட்டதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த இடம் என்ன இடம் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ அங்கே பிறந்தவன்தான். ஆனால் பத்து வயதில் பட்டணத்துக்குப் போய்விட்டவனுக்கு ஒரு ஊரைப் பற்றி என்ன தெரியும்?

பண்டாரவளையிலிருந்து வெலிமடைக்குப் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே கீழே போகிற பாதையைப் பிடித்தால் முதலில் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்க்கணக்கு, பிறகு தேயிலை ஸ்டோர், அதன் பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு கீழ்க்கணக்கு. நம் லயம் மலையின் இடுப்பில் இருந்தது. லயத்துக்கு மேலே எல்லாம் தேயிலை. பக்கவாட்டில் கீழே தேயிலை முடிந்து மானாப்புல்லும் கொய்யாவுமாக ஒரு பள்ளம். வாணலி மாதிரி குழிந்த பள்ளம், அடியில் நின்றால் லயத்துக் கூரை கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பெயர் ஊத்துப்பள்ளம். பள்ளத்தின் கீழ் ஓரத்தில் யானை படுத்திருப்பது போல் ஒரு பெரிய பாறை குறுக்கே கிடக்கும். பாறையைத் தாண்டினால் ஓயா என்கிற ஆறு, ஓயாவுக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமத்து நாட்டுக்காரர்களின் வயல். இந்தப் பாறையை மறந்துவிடாதே. நான் பிறகு அதற்கு வருவேன்.

நீ சமதரை என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம்தான் ஊத்துப்பள்ளம். நான் சொல்வது உனக்கு விளங்குகிறதா? அங்கே இப்போது பள்ளம் இல்லை.

வெள்ளைக்காரத் துரை காலத்தில் அந்தப் பள்ளத்தை யாரும் சீண்டவில்லை. இரண்டு தடவை தேயிலை வைத்துப் பார்த்தார்களாம், வேர் அழுகிப் போய்விட்டதாம். அடியில் ஒரு ஊற்று கசிந்துகொண்டே இருக்கும். அதனால் மாடு கட்டுகிற இடமாக விட்டுவிட்டார்கள். ஆனால் பள்ளத்துக்கு மேலே இருந்த தேயிலை மலையில் துரை ஒரு விசயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார். அது கான். மலைக்குக் குறுக்கே வரிசையாகக் கான் வெட்டி, பெய்கிற தண்ணீரை மலைக்குள் இறங்க விடாமல் ஓரத்து ஓடைக்குத் தள்ளிவிடுவது. நான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கான் வெட்டுகிற ஆள். ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாக் கானையும் வழித்துவிட வேண்டும். ஒரு கானில் மண்கட்டி கிடந்தால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலி கிடையாது என்று காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டிலேயே கணக்கப்பிள்ளை சொல்லிவிடுவார். ஏன் எதற்கு என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. தேயிலைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

நீ பிறக்கிற சமயத்தில்தான் வெளிநாட்டு உருளைக்கிழங்கை நிறுத்தினார்கள். வெலிமடைப் பக்கம் ஆளாளுக்குக் கிழங்கு போட ஆரம்பித்தார்கள். ஓயாவுக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருந்த அப்புஹாமியும் வயல் அறுத்த கையோடு கிழங்கு போட்டார். வேலை இல்லாத நாளில் நானும் அம்மாவும் அவருக்குக் கொத்தப் போவோம். கூலிக்குப் பதில் விதைக்கிழங்கு கேட்டு வாங்கி வந்தவள் உன் அம்மா. கூலி வாங்கி வராமல் முளைத்த கிழங்கை மடியில் கட்டி வந்தாயே என்று நான் ஏசினேன். அவள் போய்ப் பள்ளத்தில் ஒரு பாத்தி கொத்தினாள். ஊத்துப்பள்ளத்தில் விழுந்த முதல் முள்ளு அவளுடையது. அந்த ஊரின் சரித்திரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது, யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதப் போவதில்லை.

அப்புறம் பஞ்சம் வந்தது. அரிசியைக் குறைத்தார்கள், மாவைக் குறைத்தார்கள், வேலை நாளையும் குறைத்தார்கள். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, நீ பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்று மயங்கி விழுந்திருக்கிறாய். உனக்குப் பின்னால் செல்வி, செல்விக்குப் பின்னால் ஒரு ஆண் பிள்ளை. அவனுக்குப் பேர் வைத்தோம், அதைக் கூப்பிடுகிற வயதுக்கு அவன் வரவில்லை. அம்மாவிடம் பால் வற்றிவிட்டது. மரவள்ளி அவித்த தண்ணீரை ஊட்டிப் பார்த்தோம். ஒரு மத்தியானம் அவன் அழுகையை நிறுத்தினான், தூங்கிவிட்டான் என்று அம்மா சந்தோசப்பட்டாள். அவனை மேல்க்கணக்குக் கல்லறையில் வைத்தேன். சவுக்குமரத்துக்குப் பக்கம். அவனுக்கு ஒரு இடம் இருக்கிறது, போய் நின்று பார்க்கலாம். இதை எதற்குச் சொல்கிறேன் என்று கடைசியில் புரியும்.

அவன் போன பிறகு உன் அம்மா வேறு மாதிரி ஆகிவிட்டாள். கணக்கப்பிள்ளையிடமும் கேட்கவில்லை, துரையிடமும் கேட்கவில்லை. பள்ளம் முழுவதையும் கொத்த ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து லயத்துச் சனம் எல்லாம் இறங்கிவிட்டது. இந்தியா போகிறவர்கள் போகப் போக அவர்கள் பாத்தியும் மிஞ்சியவர்களுக்கு வந்தது. கிழங்கு, போஞ்சிக் கொடி, முட்டைக்கோவா என்று பள்ளம் பச்சையாக நின்றது. ஆனால் ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது எல்லாம் காய்ந்து போகும். ஊற்று ஒரு கை அள்ளுகிற அளவுக்கு வற்றிவிடும். அப்போது மேலே மலையில் கானில் தண்ணீர் போவதை அம்மா பார்த்தாள். மேல்க்கணக்கு ஓடையிலிருந்து கசிந்து வருகிற தண்ணீர், யாருக்கும் உதவாமல் ஓரத்து ஓடைக்கு ஓடியது. "இங்க பாத்தி காயுது, அங்க சும்மா ஓடுதே, இதுக்கு யாரு கிட்டங்க உத்தரவு கேக்கணும்?" என்றாள். நானும் இன்னும் சிலரும் போய், பள்ளத்துக்கு நேர் மேலே கான் திரும்புகிற மூலையில் மண்ணும் கல்லும் வைத்து அடைத்தோம். கான் வெட்டிய கையாலேயே அடைத்தோம். தண்ணீர் மலைக்குள் இறங்கியது. கொஞ்ச நாளில் கீழே ஊற்று பெருகி வந்தது பார், கச்சானிலும் நிற்காத ஊற்று.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? நாங்களே தண்ணீரை மலைக்குள் விட்டுவிட்டு, கீழே அது பெருகியதும் முனியாண்டி கண் திறந்துவிட்டான் என்று கொய்யாமரத்தடியில் கல் நட்டுப் பொங்கல் வைத்தோம். கான் வேலை தெரிந்த ஆள்கள்தான் அத்தனை பேரும். யாருக்கும் உறைக்கவில்லை. ஊற்று பெருகப் பெருகச் சாமி நம் பக்கம் இருக்கிறான் என்று நினைத்தோம். தேங்காய் உடைத்த அன்றைக்கு நீ சில்லுப் பொறுக்க ஓடி வழுக்கி விழுந்தாய், மோவாயில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கும்.

கேட்டால் முழுப் புத்தி கெட்டவர்கள் மாதிரி இருக்கிறது. அப்படியும் இல்லை. ஆடிப் பூசைக்குக் கானை அடைப்போம், தீபாவளிக்கு முன்னால் திறந்துவிடுவோம். மழைக் காலத்தில் அடைத்து வைக்கக் கூடாது என்பது மட்டும் கைப்பழக்கத்தில் இருந்தது. அரசாங்கம் தோட்டத்தை எடுத்த பிறகு கான் வழிக்கிற வேலையே நின்றுபோனது. மற்றக் கானெல்லாம் தூர்ந்துவிட்டது, அந்த ஒரு மூலையை மட்டும் நாங்கள் வருசா வருசம் தவறாமல் திறந்தோம். ஒரு வருசம் திறக்கவில்லை.

அது தேர்தல் முடிந்த கையோடு ஆவணியில் கலவரத்தில் லயங்கள் எரிந்த வருசம். உனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கும். தேயிலைக்குள் படுத்துக் கிடந்தோம், நீ இருமாமல் இருக்க அம்மா உன் வாயைப் பொத்திப் பிடித்திருந்தாள். நாம் குடியிருந்த காம்பரா எரியவில்லை, பாதி லயம் எரிந்தது. பள்ளத்தில் இருந்த பயிரை மிதித்தார்கள், பிடுங்கினார்கள். வந்த கூட்டத்தில் அப்புஹாமியின் தங்கை மகனும் இருந்தான். அப்புஹாமி அதை மறைக்கவில்லை. கலவரம் அடங்கிய பிறகு ஒரு மூட்டை விதைக்கிழங்கைத் தோளில் சுமந்து ஓயாவைத் தாண்டி வந்து நம் வாசலில் வைத்துவிட்டு, உன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார். அவள் அதை வாங்கி உள்ளே வைத்தாள். நானாக இருந்தால் ஓயாவில் கொட்டியிருப்பேன்.

அந்த வருசம் மலை மேல் தனியாக ஏற எவருக்கும் துணிவில்லை. கூட்டமாகப் போனால் சண்டைக்கு வருகிறார்கள் என்பார்கள், தனியாகப் போனால் திரும்பி வருவோமா என்று பயம். தீபாவளி வந்தது, எவரும் கொண்டாடவில்லை, கானையும் யாரும் நினைக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்து, கார்த்திகையிலும் விடாமல் பெய்தது. ஊற்று கலங்கலாக வந்தது. அதுவரைக்கும் அந்த ஊற்று ஒருநாளும் கலங்கியதில்லை. அம்மாதான் முதலில் பார்த்தாள். அன்றைக்குக் காலை மழையால் பெரட்டு இல்லை. நீ பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய். அரிசி போடுகிறார்கள் என்று நான் ஸ்டோருக்குக் கிளம்பினேன். அவள் தலையில் கம்பளியைப் போட்டு மண்வெட்டியை எடுத்தாள். மழை விட்டதும் நான் போகிறேன், நீ இரு என்றேன்.

"நீங்க வர்ற வரைக்கும் அது நிக்காதுங்க. நான் போயி கானத் தெறந்து விட்டுட்டு வந்துர்றேன்" என்றாள்.

அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. செல்வி ஒரு சாக்கை மழைக்குக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடியது. அது அம்மாவை விட்டு நிற்காது, உனக்குத் தெரியும்.

அரிசியை வாங்கிக்கொண்டு மேல் ரோட்டு வளைவுக்கு வந்தேன். அங்கே நின்றால் எதிர்ப்பக்கம் நம் மலை முழுவதும் தெரியும். கான் மூலையில் கம்பளி தெரிந்தது. அவள் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னதாகச் சாக்கு. நான் கூப்பிட்டேன், மழையில் என் காதுக்கே கேட்கவில்லை. அப்போது தேயிலைச் செடியெல்லாம் நின்றபடியே நகர்ந்தது. விழவில்லை, தம்பி, நின்றபடியே வரிசை கலையாமல் கீழே போனது. பிறகுதான் சத்தம் வந்தது. மலை பள்ளத்துக்குள் இறங்கியது. லயத்தின் கடைசி இரண்டு காம்பராவையும் இழுத்துக்கொண்டு போனது. பள்ளம் நிரம்பியது. பாறை வரைக்கும் வந்த மண் பாறையில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது.

காம்பராவில் இருந்தவர்களைத் தோண்டி எடுத்தோம். ஓரத்தில் கிடந்ததால் கிடைத்தார்கள். அவர்களை முறையாக அடக்கம் செய்தோம். உன் அம்மாவையும் தங்கச்சியையும் தேடினோம். அப்புஹாமி தன் ஆள்களோடு மண்வெட்டி கொண்டு வந்தார். அந்தத் தங்கை மகனும் வந்து தோண்டினான். அவனுக்குப் பக்கத்திலேயே நின்று நானும் தோண்டினேன். மேலே மலை இன்னும் பிளந்து நிற்கிறது, எல்லோரும் விலகுங்கள் என்று தோட்டத்துப் பெரியவர்கள் வந்து நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "கான அடச்சது நீங்கதானே?" என்றார். ஆமாங்க என்றேன்.

அந்தக் கேள்வியை நான் இத்தனை வருசமாகச் சுமந்து திரிகிறேன். அடைத்தது நாங்கள்தான். அது உண்மை. அடைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பஞ்சத்திலும் அதற்குப் பிறகும் உன்னையும் செல்வியையும் சவுக்குமரத்துக்குப் பக்கம் வைத்திருப்பேன். அதுவும் உண்மை. அவருக்கு அதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு வருகிறது, ஆனால் எவரும் கேட்பதில்லை. நாளைக்கு யாராவது உன் மனைவியிடம் அந்தச் சனம் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது என்று சொன்னால், இரண்டு உண்மையையும் சேர்த்துச் சொல்லச் சொல். ஒன்றை மட்டும் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இப்போது பாறைக்கு வருகிறேன். ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஊரே சொன்னது. ஓயா அன்றைக்குச் செம்மண்ணாகப் போனது உண்மைதான், எல்லா மலையிலும் மழை. நானும் உன்னிடம் அப்படித்தான் சொன்னேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து புத்தகத்தோடு ஓடி வந்து, "அம்மா எங்கப்பா?" என்று கேட்டபோது மண்ணைக் கைகாட்ட என்னால் முடியவில்லை. ஆறு என்றால் எங்கேயோ போகிறது, ஒரு பிள்ளை அதைத் தாங்கும் என்று நினைத்தேன். பிறகு உன்னைப் பதுளைக்குக் கொண்டுவந்து விட்டபோது, பஸ் ஒவ்வொரு பாலத்தில் ஏறும்போதும் நீ ஜன்னலுக்கு வந்து தண்ணீரைப் பார்த்தாய். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆற்றுக்கு அந்த மண் போய்ச் சேரவே இல்லை. நான் வளைவில் நின்று பார்த்தவன். பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கூடை மண்கூட விழவில்லை. அவர்கள் ஆற்றோடு போகவில்லை. இனிமேல் நீ பாலத்தில் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தத் துண்டை எடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஆள்களுக்கு நூறு வருசத்துக்கு மேல் சொந்தமாக ஒரு சாண் மண் கிடைத்ததில்லை. கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் அம்மா இருந்தால் முதல் ஆளாகப் போய் வேலி போட்டிருப்பாள். எடுத்துக்கொள். வீட்டை மட்டும் அங்கே கட்டாதே. பழைய லயத்தின் மேல்முனைக்கு அப்பால் கருங்கல் தலைகாட்டுகிற இடம் இருக்கிறது, அங்கே கட்டு, தூரமானாலும் பரவாயில்லை. புரட்டாசியில் கல்யாணப் புது மாப்பிள்ளை என்று பார்க்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போய் எல்லாக் கானையும் திறந்துவிடு. உன் துண்டுக்கு மேலே உள்ளதை மட்டுமல்ல, மற்றவர்கள் துண்டுக்கு மேலே உள்ளதையும் திற. கச்சானில் பயிர் காய்ந்தால் காயட்டும். ஊற்று பெருகினால் பொங்கல் வைக்காதே, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறி ஓடு. மருமகளிடம் இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடு. அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் அந்தப் பிள்ளை அங்கே காலை வைக்கக் கூடாது. தெரிந்து வருகிறேன் என்றால் அவள் நல்ல பெண்.

நான் கல்யாணத்துக்கு வருவேன். மலைக்கு வர மாட்டேன், வற்புறுத்தாதே. பழம் பாக்கு வைக்கும்போது அம்மா பேருக்கு ஒரு வெற்றிலை, செல்வி பேருக்கு வளையல் ஒரு சோடி வை. இப்போது இருந்தால் அவளுக்கும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்தத் துண்டில் போஞ்சி போடு. கம்பு ஊன்றினால் போதும், மேலே காய்க்கும், நின்றபடி கையால் பறித்துக்கொள்ளலாம். கிழங்கு வேண்டாம். கிழங்குக்குத் தோண்ட வேண்டும், தோண்டித் தோண்டிக் கையால் துழாவ வேண்டும். அப்புஹாமி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாராம், விதைக்கிழங்கு கொண்டு வந்து கொடுத்தால் மரியாதையாக வாங்கி வேறு மண்ணில் போடு.

எவ்வளவு ஆழம் முள்ளு இறக்கலாம் என்று கேட்டாய். எனக்குத் தெரியாது, தம்பி. அவர்கள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அப்பா